மூன்றாவது விளக்குக் கம்பம்

ட்ரேயில் நாற்பத்தேழு கருவிகள் இருக்க வேண்டும். நாற்பத்தாறுதான் இருந்தன.

சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பத்தொன்று காட்டியது. மூன்று மணிக்கு என் வேலை முடியும். ஆஸ்பத்திரியின் பின்வாசலிலிருந்து மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பதினான்கு நிமிட நடை. மூன்று இருபதுக்கு அங்கே மணி அடிக்கும்போது நான் கேட்டுக்கு எதிரே நிற்பேன். ஒன்றரை வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை.

இன்னொரு முறை எண்ணினேன். ரத்தக் குழாயைக் கவ்வும் வளைந்த கிளாம்ப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று.

எங்கள் பிரிவு ஆஸ்பத்திரிக்கு அடியில், ஜன்னல் இல்லாத தளத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்ததும் கருவிகள் கழுவும் இயந்திரத்துக்குள் போய், மறுபக்கம் என் மேஜைக்கு வரும். நான் அவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணி, அடுக்கி, கையெழுத்துப் போட்டு, கிருமி போக்கும் நீராவி இயந்திரத்துக்கு அனுப்புவேன். ஒன்பது வருஷமாக இதுதான் வேலை. இங்கே என்னை 'எண்ணக்கா' என்பார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர். இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் அந்தப் பெயர் இல்லை.

ஒரு கருவி குறைந்தால் அது மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். எங்கள் அறையில், மேலே ஆபரேஷன் தியேட்டரில், அல்லது ஒரு மனிதருக்குள். அதனால்தான் அந்த விதி. கணக்கு சேரும்வரை அறையிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது. குப்பைப் பையோ, துணி மூட்டையோ எதுவும் நகரக் கூடாது. செல்போன்கள் வாசலில் வரைந்த சிவப்புக் கோட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில் இருக்கும்.

அன்று என்னோடு இருந்தது இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த புதுப்பெண். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, மேலே இருந்து வரும்போதே குறைந்திருக்கும், குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாம் கிளம்பலாம், போன வாரம் மற்ற ஷிப்டில் அப்படித்தான் செய்தார்கள் என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குக் கை வரவில்லை. தேடாமல் போடும் கையெழுத்து பொய். அந்தப் பொய்யின் மறுமுனையில் தையல் போட்ட வயிற்றோடு யாரோ ஒருவர் படுத்திருக்கிறார்.

தேட ஆரம்பித்தோம். மேஜைக்கு அடியில், துணி மடிப்புகளில், இயந்திரத்தின் வடிகட்டியில். மூன்று மணி ஆனது. மூன்று பத்து ஆனது. புதுப்பெண் நிறுத்தாமல் பேசிக்கொண்டே தேடினாள். இயந்திரம் அடுத்த சுற்றுக்கு உறுமத் தொடங்கியது. தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

சுவரில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்திப் பேசினால் பொறுப்பு சிஸ்டரின் அறையில் கேட்கும், அவர் பேசுவது சுவரில் கேட்கும். 'என் பொண்ணு காத்திருக்கா, ஸ்கூலுக்குச் சொல்லுங்க.' ஐந்தே சொல். நான் பட்டனை அழுத்தினேன்.

“சொல்லுங்க,” என்றது சுவர். “யாரு? என்ன வேணும்?”

வாய் திறந்தது. ஐந்து சொல்லும் நாக்கின் மேல் வரிசையாக நின்றன. ஒன்றுகூட இறங்கவில்லை.

“விளையாடறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் இணைப்பைத் துண்டித்தார்.

எனக்கு இப்படி ஆகும். சத்தமும் அவசரமும் ஓர் அளவைத் தாண்டினால் பேச்சு போய்விடும். மனசுக்குள் எல்லாம் தெளிவாகவே இருக்கும், வழி மட்டும் அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் இதற்குத் திமிர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஊமைக்கோட்டான். ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் இதற்குச் சரியான பெயர் கிடைத்தது.

மகளைப் பரிசோதிக்கப் போன இடத்தில் கிடைத்தது. அவளுக்கு ஏழு வயது. பட்டாணி என்று கூப்பிடுவோம், தட்டின் விளிம்பில் பட்டாணிகளை வரிசையாக அடுக்கி, முதலில் வைத்ததை முதலில் சாப்பிடுவாள் என்பதால். அந்த டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் குத்துமா? குத்தும், வெட்டிவிடுவேன். திட்டம் திடீரென்று மாறினால்? அன்று முழுக்க எதுவும் ஓடாது. சத்தம் அதிகமானால்? வார்த்தை வராது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“இதெல்லாம் பாப்பாவைப் பத்திச் சொல்றீங்களா, உங்களைப் பத்தியா?”

ஆட்டிசம் என்று இரண்டு கடிதங்கள் தந்தார். மகளுடையது பள்ளிக்கூடக் கோப்பில் இருக்கிறது. என்னுடையது அலமாரியில் கம்பளிக்கு அடியில். அது அங்கே போனதற்குக் காரணம் என் கணவரின் அக்கா. மகளின் விஷயத்தைச் சொன்னபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைக்கு இப்படின்னா என்ன, தாய் தெளிவா இருக்கா, அது போதும்,” என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்ன பிறகு இன்னொரு கடிதமும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கிளாம்ப் நாலு ஐந்துக்குக் கிடைத்தது. கழுவும் கூடையின் கம்பி விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, கம்பியோடு கம்பியாக, அதே நிறத்தில் கிடந்தது. அந்தக் கூடையை நான் மூன்று முறை கையில் எடுத்திருக்கிறேன். நாற்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டியைத் திறந்து போனை எடுத்தால் தவறிய அழைப்புகள் பதினொன்று. வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது.

ஓடினேன்.

பள்ளிக்கூட கேட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவது விளக்குக் கம்பம். அதுதான் எங்கள் இடம். போன வருஷம் ஒரு நாள் பட்டாணி சிமெண்ட் கலவை லாரியின் உருளை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அதன் பின்னாலேயே இரண்டு தெரு போய்விட்டாள். அன்றைக்குத்தான் விதி போட்டேன். அம்மா வரும்வரை இந்தக் கம்பத்தை விட்டு நகரக் கூடாது, யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. அவள் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை மணிக்கு வருவே என்பது. மூன்று இருபது என்றேன். வர முடியாவிட்டால் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் விதி என்றால் விதிதான்.

அவள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலைமுடி ஒட்டிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்துக் காவலாளியின் மழைக்கோட்டு அவள் மேல் கூடாரம் மாதிரித் தொங்கியது. பக்கத்தில் ஒரு டீச்சர். கொஞ்சம் தள்ளி அண்ணி, ஒரு கையில் குடை, இன்னொரு கையின் மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தது. பள்ளிக்கூடத்தார் எனக்குப் போன் அடித்து, என் கணவருக்கு அடித்து, கடைசியில் அண்ணிக்கு அடித்திருக்கிறார்கள். அண்ணி வந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பட்டாணி கடித்துவிட்டாள்.

“அம்மா, நான் நகரவே இல்லை,” என்றாள் மகள். முகத்தில் பெருமை. “ஒன்னுக்கு வந்துச்சு. அப்பவும் நகரலை.”

அவளுடைய சாக்ஸ் மழையில் மட்டும் நனைந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னால் அப்போதும் பேச முடியவில்லை. குனிந்து அவள் நெற்றியில் என் நெற்றியை வைத்து அழுத்தினேன். அது எங்களுக்குள் இருக்கும் சைகை. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், மன்னிப்புக்கூடக் கேட்காத தாய் ஒருத்தி இருந்தாள்.

அண்ணியும் எங்களோடு நடந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. ஆனால் அன்று தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எங்களோடு மாடி ஏறினார். பட்டாணியை நான் குளிப்பாட்டி உலர்ந்த உடுப்பு போட்டு வரும்வரை நாற்காலி நுனியில் காத்திருந்தார். என் கணவரும் அதற்குள் வந்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மணியிலிருந்து ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்திருக்கிறார். போன் மேலே கருவிப் பையில்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் காதைப் பொத்திக்கொண்டாவது தப்பித்திருப்பேன். பொறுமையாகப் பேசினார். ஊர் உலகத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்களை அவர் பார்த்திருக்கிறாராம். ஆனால் இந்தப் பிள்ளை வேற மாதிரிப் பிள்ளை. ஒருத்தர் முழுசாகக் கூடவே இருக்க வேண்டும். தம்பியின் சம்பாத்தியத்தில் யாரும் அரை வயிற்றோடு படுக்கப் போவதில்லை.

“கோபப்படாதே. ஒன்னே ஒன்னு கேக்கறேன்,” என்றார் கடைசியில். “பெத்தவளுக்கு எப்படிம்மா மறக்கும்?”

“மறக்கலை அண்ணி,” என்றேன். பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் சின்னதாக.

“மறக்கலைன்னா ஒரு போன் பண்ண முடியாதா? ஒரு வார்த்தை?”

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எழுந்து போய், கம்பளிக்கு அடியிலிருந்த கடிதத்தைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார்.

“அவளால முடியாதுக்கா. பட்டாணிக்கு இருக்கறது அவளுக்கும் இருக்கு. பேசணும்னு நினைச்சாலும் அந்த நேரம் பேச்சு வராது. இப்ப புரியுதா?”

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது வருத்தம். இத்தனை மாதம் தன்னிடம் மறைத்துவிட்டோமே என்ற வருத்தம். பிறகு அது கரைந்து இரக்கமாக மாறியது. அந்த இரக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது.

“அப்படின்னா கண்டிப்பா வேலைக்குப் போகவே கூடாது,” என்றார். “பாவம், உன்னையும் வதைச்சுக்கிட்டு, பிள்ளையையும் வதைச்சுக்கிட்டு. வீட்டுல நிம்மதியா இரு. நான் தினமும் வந்து பார்த்துக்கறேன்.”

என்னைக் காப்பாற்றத்தான் என் கணவர் கடிதத்தை எடுத்தார். கதவு திறக்கும் என்று நினைத்துச் சாவியைத் திருப்பினால், அது இன்னொரு சுற்றுப் பூட்டிக்கொண்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பொறுப்பு சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். கிளாம்பைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டினார். பாராட்டு ஒரு வரிதான். பிறகு, புதுப்பெண் சொன்னாள், நீ நடுவில் அப்படியே உறைந்து போய் நின்றாயாமே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். துணி மடிக்கிற அறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். அங்கே எண்ணிக்கை கிடையாது, பொறுப்பு கிடையாது, போன் வைத்துக்கொள்ளலாம், மூன்று மணி ஆனதும் போட்டது போட்டபடி கிளம்பிவிடலாம். குழந்தைக்காரிக்கு வசதி. யோசித்து நாளை மறுநாள் பதில் சொன்னால் போதும்.

அந்த அறை எனக்குத் தெரியும். எட்டுப் பேர், ஒரு ரேடியோ, காலை முதல் மாலை வரை பேச்சு. மடித்த துணியில் சரி தப்பு எதுவும் இல்லை. எண்ணும் மேஜையில் உட்காரும்போது மட்டும்தான் என் தலைக்குள் இருக்கும் இரைச்சல் அடங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், ஒரு எண். உலகத்தில் நான் நடிக்காமல் இருக்கும் இடம் அது ஒன்றுதான். அதை விட்டால் மிச்சமிருப்பது பள்ளிக்கூட கேட்டில் மற்ற அம்மாக்களைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய சிரிப்பு.

ஆனால் மேஜையில் இருந்தால், இன்னொரு நாள் ஒன்று குறையும். அந்த நாளும் மகள் கம்பத்தடியில் நிற்பாள்.

அன்று மாலை பட்டாணி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்க, நானும் என் கணவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் உட்கார்ந்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முடியாத சமையலறை. கடிதத்தைக் காட்டியது தப்புதான் என்றார். தப்பு என்றேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அவருக்கும் தெரியும்.

அவரை நான் சந்தித்ததே ஒரு லிஃப்டில். நான் உள்ளே, அவர் வெளியே. வேலையில் சேர்ந்த புதிதில், ஆஸ்பத்திரி லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். வெளியே ஆள் ஆளுக்குப் 'பயப்படாதீங்க, பயப்படாதீங்க' என்று கத்தினார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் எனக்குப் பயம் ஒரு படி ஏறியது. பிறகு ஒரு குரல், சாவகாசமாக, கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசியது. “கயிறு நல்லா இருக்கு. கதவு மோட்டார்தான் போயிருக்கு. பதினோரு நிமிஷம் ஆகும். நான் இங்கேயே நிக்கறேன்.” கதவு திறந்ததும் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, “பதிமூணு நிமிஷம் ஆச்சு.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பேனர் கீழே விழுந்ததால் இரண்டு நிமிஷம் கூடிவிட்டது, மன்னிக்கணும் என்றார். அந்த மன்னிப்புக்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

“மாட்டிக்கிட்டவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பேன் தெரியுமா?” என்றார் இப்போது. “உள்ள எத்தனை பேர்னு. அதைக் கேக்காமலே நேத்து கதவை உடைச்சுட்டேன். சரி, இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்? வேலையா, வீடா?”

“மேஜை வேணும். பட்டாணி நனையக் கூடாது.”

“ரெண்டும்?”

“ரெண்டும்.”

“பேராசைக்காரி,” என்றார். சிரித்தார். எனக்கும் வந்தது.

பேச வராததை, அவசரம் அடங்கிய பிறகு எனக்கு எழுத வரும். மறுநாள் வேலைக்குப் போனதும் காலியான ட்ரே பட்டியல் தாள் ஒன்றை எடுத்தேன். ஒரு பக்கம் பொருள், எதிரே எண்ணிக்கை என்று கோடு போட்ட தாள். எனக்குத் தெரிந்த ஒரே படிவம் அதுதான். டாக்டரம்மா கொடுத்த பெயரை மேலே எழுதினேன். கீழே என்னென்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று நிரப்பினேன். துடிக்கும் குழல்விளக்கு மாற்றுதல், ஒன்று. எண்ணும்போது பின்னாலிருந்து தோளைத் தொடுதல், பூஜ்யம். கணக்கு சேராத நாளில், சிஸ்டர் அறையிலிருந்து நான் கொடுக்கும் எண்ணுக்கு ஒரு போன். அதற்கு அடையாளம், பட்டனைப் பேசாமல் அடுத்தடுத்து அழுத்துதல், இரண்டு.

சிஸ்டர் அதைப் படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார்.

“இந்தக் கடைசி வரி என்னம்மா? 'சிஸ்டர் ஆறுதல் சொல்லுதல், பூஜ்யம்'னு போட்டிருக்கே.”

“ஆறுதல் சொன்னா நேரமாகும் சிஸ்டர். அதுக்கு நான் பதில் சொல்லணும்.”

அவர் உதட்டை மடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பிறகு நீளமாகப் பேசினார். உனக்கு ஒரு சலுகை என்றால் நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். உறைந்து போகிறவளை எண்ணும் மேஜையில் வைத்திருக்கிறாயே என்று மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள். இதை நான் உன் கோப்பில் எழுதியாக வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். ஒரு மாதத்துக்குள் குழந்தையால் ஒரு பிரச்சினை வந்தாலும் துணி மடிக்கிற அறைதான். அந்த இடத்தை அதுவரை நிரப்பாமல் வைத்திருப்பாராம். அதையும் ஓர் உதவியாகத்தான் சொன்னார்.

ஒரு கதவு இடுக்கு அளவுக்குத் திறந்தது. அடுத்தது மகள்.

விதியை மாற்ற வேண்டும் என்று பட்டாணியிடம் சொன்னேன். அவள் கட்டையைக் கீழே வைக்காமலே முடியாது என்றாள். நான்தானே போட்டேன் என்றேன். “போட்டாச்சுல்ல,” என்றாள். நான் வராவிட்டால் அத்தையோடு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னதும் கட்டைகளை எல்லாம் கலைத்துவிட்டாள். அவளுக்குக் கோபமில்லை, பயம். நான் வந்து பார்க்கும்போது கம்பத்தடியில் அவள் இல்லாவிட்டால், நான் எங்கே தேடுவேன் என்பதுதான் அவள் கேள்வி. குறைந்துபோன கருவியின் பக்கத்திலிருந்து யோசிக்கிறாள் என்று புரிந்தது. தேடாமல் கையெழுத்துப் போட மறுத்தவளின் மகள் வேறு எப்படி இருப்பாள்?

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அவள் அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேசினார். கம்பம் மாற வேண்டாம். ஆனால் கம்பத்தடியில் இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறதே. யோசித்துவிட்டு அவளே ஒரு தாளில் எழுதினாள். 'அத்தை வந்து நிக்கலாம். இழுக்கக் கூடாது. ஒன்னுக்கு வந்தா ஸ்கூல் பாத்ரூமுக்குப் போயிட்டு திரும்பி வரலாம். வீட்டுக்கு அம்மா கூடத்தான்.' பாத்ரூம் வரியை மட்டும் சேர்க்க அரை மணி நேரம் ஆனது.

அந்தத் தாளை நான்தான் அண்ணியிடம் கொண்டுபோனேன். தனியாகப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் மணிக்கட்டில் பல் பதிந்த இடம் மஞ்சளாகியிருந்தது. படித்துவிட்டு, “எனக்கே சட்டம் போடறாளா?” என்றார். பிறகு, நான் வேலையை விட மாட்டேன் என்று இதற்கு அர்த்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் என் தலைக்குள் என்ன ஆகும் என்று சொல்ல முயன்றேன். பாதிதான் வந்தது. அவர் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. முழங்கால் வலிக்காரி மணிக்கணக்கில் கம்பத்தடியில் எப்படி நிற்பது என்று மட்டும் கேட்டார். தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் அவருடைய எண்ணைத்தான் சிஸ்டரிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ட்ரேயையும் மூன்று முறை எண்ணினேன். முன்னெல்லாம் எண்ணுவது எனக்கு ஓய்வு. இப்போது ஒவ்வொரு ட்ரேயும் ஒரு பரீட்சை. புதுப்பெண் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினாள், கண்ணாடிப் பாத்திரத்தோடு பேசுவதுபோல. குழல்விளக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பத்தொன்பதாம் நாள், இரண்டு ஐம்பத்திரண்டுக்கு, அறுபத்திரண்டு இருக்க வேண்டிய ட்ரேயில் அறுபத்தொன்று.

ஊசி பிடிக்கும் கருவி ஒன்று இல்லை. முதலில் கூடைகளின் விளிம்பைத் தடவினேன். இல்லை. இயந்திரம் உறுமியது. வாய்க்குள் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைப்பதை உணர முடிந்தது. சுவருக்குப் போய்ப் பட்டனை அழுத்தினேன். விட்டு, மறுபடி அழுத்தினேன்.

சுவர் கரகரத்தது.

“சரி,” என்றது. அவ்வளவுதான். ஆறுதல், பூஜ்யம்.

தேடினோம். சிஸ்டர் போன் செய்தாரா? அண்ணி எடுத்தாரா? எடுத்தாலும் வருவாரா? வந்தாலும் மறுபடி இழுப்பாரா? இவற்றில் எதையும் எண்ண முடியாது. இருபத்தொன்பது பெரிய துணிகளை உதறினேன். மூன்று நாற்பத்தெட்டுக்கு மேலே தியேட்டரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கருவி அங்கேயே ஒரு கிண்ணத்துக்கு அடியில் கிடந்ததாம். கணக்கை முடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

வெயில் அடித்தது. தூரத்திலிருந்தே கம்பம் தெரிந்தது. ஒரு பக்கம் பட்டாணி. மறுபக்கம் அண்ணி, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு மடக்கு நாற்காலியில். அந்த நாற்காலி அவர் வீட்டு பால்கனியில் இருப்பது. வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. இருவர் கையும் கம்பத்தின் மேல் இருந்தது.

“ரொம்ப நேரமாச்சே அண்ணி. வீட்டுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“கூப்பிட்டேன். வீட்டுக்கு அம்மா கூடத்தானாம், நாலாவது வரியாம். என் பையிலேர்ந்து தாளை எடுத்துப் படிச்சுக் காட்டினா,” என்றார். “டீச்சர் உள்ள வந்து உக்காருங்கன்னாங்க. நான் போயிட்டா இது தனியா நிக்கும். அப்புறம் என்ன பண்றது, நானும் மாட்டிக்கிட்டேன்.”

கோபமாகத்தான் சொன்னார். நாற்காலியை மடக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நான் வாங்கி மடக்கினேன். இது அடிக்கடி நடக்குமா என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். முழங்கால் எத்தனை நாள் ஒத்துழைக்கும் என்று தனக்கும் தெரியாது என்றார். நீ இன்னும் ஒருமுறை யோசித்துப் பார் என்றும் சொன்னார். சிஸ்டர் தந்த ஒரு மாதத்தில் இன்னும் பதினோரு நாள் இருந்தது. அதற்குப் பிறகு எண்ணும் மேஜையா, துணி அறையா என்று சிஸ்டர்தான் சொல்ல வேண்டும்.

பட்டாணி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“நாளைக்கு எத்தனை மணி?”

மூன்று இருபது என்று சொல்ல வாய் போனது. ஒன்றரை வருஷமாகச் சொன்ன பதில். அதைச் சொல்லிவிட்டால் அவள் முகம் மலரும், நானும் இன்றைக்குத் தப்பித்துவிடலாம். கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசிய ஒரு குரல் நினைவுக்கு வந்தது. தெரிந்ததை மட்டும் சொன்ன குரல்.

“மூணு இருபதுக்கு வரப் பார்ப்பேன். கணக்கு சேரலைன்னா எப்பன்னு தெரியாது. ஆனா வருவேன்.”

அவள் அந்தத் 'தெரியாது'வைப் பிடிக்காத மருந்தை விழுங்குவதுபோல விழுங்கினாள். எனக்குத் தெரியும், நானும் அதே மருந்தைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். கம்பத்தை ஒரு முறை சுற்றி வந்தாள்.

“அப்ப அத்தை நாற்காலியை எடுத்துட்டுப் போக வேணாம்,” என்றாள். “இங்கேயே இருக்கட்டும்.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் காவலாளியிடம் போனேன். இந்த முறை வார்த்தை வந்தது. கேட்டுக்கு உள்ளே, அவருடைய மழைக்கோட்டு மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே நாற்காலியைச் சாத்தி வைத்துக்கொள்ளச் சொன்னார்.